74 வயது அம்மாவுக்குப் பெரிய வயிற்று அறுவையும் கீமோவும்: அந்தப் புற்றுநோய்ப் பிரிவு எப்படி?

முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வயிற்றில் பரவிய புற்றுநோயோடு வரும் வயதானவர்களுக்கு அம்மா சிகிச்சை பெற்ற இடத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அறுவையை நன்றாகச் செய்தார்கள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குறைகளும் உண்டு. டிஸ்சார்ஜுக்குப் பிறகு நடந்தது அதில் பெரியது, அதையும் எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை. நான் சொல்லும் விஷயங்களை எந்த மருத்துவமனைக்குப் போனாலும் நீங்கள் கேட்டுப் பார்க்கலாம்.

அம்மாவுக்கு வயது 74. சர்க்கரையும் பிரஷரும் உண்டு. காதுக்கு மெஷின் வைத்திருக்கிறார். தையல்தான் அவருக்கு எல்லாம், இன்றைக்கும் அவர் தைத்துக் கொடுத்த உடுப்பைத்தான் நாங்கள் வீட்டில் போடுகிறோம். வயிறு உப்பிக்கொண்டே போய், ஸ்கேன் எடுத்தபோது உள்ளே நீர் கோத்திருந்தது. குடலுக்கு முன்னால் தொங்கும் ஓமென்டம் என்கிற கொழுப்புத் திரை தடித்துப் போயிருந்தது. ரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய்க் குறியீடான சிஏ-125, 35-க்குள் இருக்க வேண்டியது, பல நூறில் இருந்தது. பயாப்ஸி முடிவு வந்தது: சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை. சினைப்பையில் தொடங்கி வயிற்றின் உள்ளுறை முழுக்கப் பொடிப் பொடியாகப் பரவியிருந்தது.

முதலில் வேறொரு மருத்துவமனைக்குத்தான் போனோம். அங்கே பேச்சு முழுக்க 'ஹைபெக்' மெஷினைப் பற்றியே இருந்தது. கட்டிகளை வெட்டி எடுத்த பிறகு, சுட வைத்த கீமோ மருந்தை நேராக வயிற்றுக்குள் சுற்ற விடும் முறை அது. 41 முதல் 43 டிகிரி சூட்டில், மருந்தைப் பொறுத்து அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை விடுவார்கள். அம்மா மாடி ஏறுவாரா, வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது, எதையும் கேட்கவில்லை. மெஷின் வந்திருக்கிறது, செய்துவிடலாம் என்றார்கள். தம்பிக்கும் எனக்கும் மனசு ஒப்பவில்லை, ரிப்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

இரண்டாவதாகப் போன இடம்தான் இந்த விமரிசனத்துக்கு உரியது. அங்கே அறுவை நிபுணரைப் பார்ப்பதற்கு முன்பே முதியோர் மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார்கள். புற்றுநோய்க்கு வந்தவரை எதற்கு இவரிடம் அனுப்புகிறார்கள் என்று அம்மாவுக்கு எரிச்சல். வெளியே வரும்போது அந்த எரிச்சல் போயிருந்தது.

முதலில் எட்டுக் கேள்விகள் உள்ள ஒரு தாள். சமீபத்தில் எடை குறைந்ததா, சாப்பாடு குறைந்ததா, ஒரு நாளைக்கு மூன்று மாத்திரைக்கு மேல் உண்டா, உங்கள் வயதுள்ள மற்றவர்களோடு பார்த்தால் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று இப்படிப் போகும். மொத்தம் 17 மதிப்பெண். 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் முழுப் பரிசோதனை தேவை. அம்மாவுக்கு 12 வந்தது. அப்புறம் கைப்பிடி இல்லாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னார், கையில் கடிகாரத்தோடு. மூன்று வார்த்தைகளைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். நடுவில் ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்துக்கு முள் வைக்கச் சொன்னார். அதன் பிறகு அந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டார். அம்மா இரண்டைச் சொன்னார்.

அதன் பிறகுதான் மாத்திரைப் பையைக் கொட்டச் சொன்னார். நாங்கள் கொண்டுபோன பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வோர் அட்டையாக எடுத்துப் பார்த்தார். வருடக்கணக்காகப் போட்டு வந்த தூக்க மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, ஆனால் அறுவைக்கு முன்பே மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும் என்றார். அந்த மாத்திரை போடும் வயதானவர்களுக்கு அறுவைக்குப் பிறகு புத்தி தடுமாறும் வாய்ப்பு அதிகமாம். தும்மலுக்கு என்று வைத்திருந்த, தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரையையும் எடுத்துத் தனியே வைத்தார். பல டாக்டர்களிடம் காட்டிய பைதான் அது. கொட்டிப் பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

கடைசியாக அம்மாவின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெஷின் உள்ள காதின் பக்கமாகக் கேட்டார்: "அம்மா, இந்த வைத்தியமெல்லாம் முடிஞ்ச பிறகு உங்களால எது முடியாமப் போனா உங்களுக்குத் தாங்காது?"

அம்மா யோசிக்கவே இல்லை. "ஊசியில நூல் கோக்கணும் டாக்டர். என் வேலையை நானே பாத்துக்கணும். மத்தது உங்க இஷ்டம்."

அதை அப்படியே கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதினார். அந்த ஒரு வரி பின்னால் எவ்வளவு வேலை செய்தது என்பதைக் கீமோ பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

இப்படி முதலில் முதுமையை அளந்துவிட்டுச் சிகிச்சையைத் தீர்மானிப்பது ஏதோ கூடுதல் அக்கறை என்று நினைக்க வேண்டாம். முற்றிய புற்றுநோய் உள்ள 70 வயதைத் தாண்டிய 718 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2021-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. முதியோர் பரிசோதனையின் முடிவுகள் டாக்டர் கைக்குப் போன குழுவில், கீமோ தொடங்கிய மூன்று மாதத்துக்குள் கடுமையான பக்கவிளைவு வந்தவர்கள் 51 சதவீதம். போகாத குழுவில் 71 சதவீதம். உயிரோடிருந்தவர்களின் கணக்கில் வித்தியாசம் இல்லை. சில கேள்விகளும் பரிசோதனைகளும் சற்று நேரமும் கொடுத்த பலன் இது. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இதைச் செய்கிறார்களா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால் ஏன் என்றும் கேளுங்கள்.

அறுவை நிபுணர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் பேசியது புரிந்தது. வயிற்றின் உள்ளுறையை, சட்டைக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கும் லைனிங் துணி மாதிரி என்று அம்மாவுக்கு விளக்கினார். நோய் ஒட்டிய இடத்தில் அந்த லைனிங்கை உரித்து எடுக்க வேண்டும், அதோடு ஒட்டிக்கொண்டு வரும் உறுப்பையும் எடுக்க வேண்டியிருக்கும். அம்மா தலையாட்டிவிட்டு, "எங்க பிரிச்சா எங்க தைக்கணும்னு தெரிஞ்சாப் போதும்" என்றார். டாக்டர் சிரித்ததை அன்றைக்கு அப்போதுதான் பார்த்தேன்.

திட்டம் இது: முதலில் மூன்று சுற்றுக் கீமோ. கட்டி சுருங்கினால் அறுவை. பிறகு மீண்டும் மூன்று சுற்று. எடுத்த எடுப்பில் அறுவை செய்வதோடு ஒப்பிட்டால் இந்த வரிசையில் ஆயுள் குறைவதில்லை என்று ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வு 2010-இலேயே காட்டியது. வயதானவர்களுக்கு இதில் இன்னொரு வசதி, நடுவில் உடம்பைத் தேற்ற நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தை இவர்கள் வீணாக்கவில்லை. தினமும் நடை, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி, மூன்று பந்து உள்ள அந்த மூச்சுக் கருவி, எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்று எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு முறை போகும்போதும் பிசியோதெரபிஸ்ட் சரிபார்த்தார். கீமோ போட்ட வாரம் அம்மாவால் முடியாது. அடுத்த வாரம் விட்டதைப் பிடிப்பார். அறுவைக்கு முன் மறுபடி நடக்க வைத்து அளந்தபோது முதல் நாளைவிட நன்றாக நடந்தார், கீமோவுக்கு நடுவிலும்.

ஹைபெக் பற்றி நாங்களே கேட்டோம். முதல் மருத்துவமனையில் கேட்டது காதில் இருந்தது. அறுவை நிபுணர் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இதைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள்.

வயிற்றுக்குள் ஊற்றும் மருந்து திசுவுக்குள் ஒருசில மில்லிமீட்டர்தான் இறங்கும். அதனால் கண்ணுக்குத் தெரியும் கட்டியை எல்லாம் எடுத்த பிறகுதான் அதற்கு அர்த்தம். அறுவையை முழுமையாகச் செய்வதுதான் முதல் மருந்து. மூன்றாம் நிலை சினைப்பைப் புற்றுநோயில், கீமோவுக்குப் பிறகு செய்யும் அறுவையோடு ஹைபெக் சேர்த்தபோது பலன் கிடைத்ததாக 245 பெண்களை வைத்து நெதர்லாந்துக் குழு நடத்திய ஆய்வு 2018-இல் வந்தது. ஆயுளின் நடுமதிப்பு 33.9 மாதத்திலிருந்து 45.7 மாதமாகக் கூடியது. ஆனால் பெருங்குடலிலிருந்து பரவிய நோய்க்குப் பிரான்ஸில் நடந்த ப்ரோடீஜ் 7 ஆய்வில், ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை வைத்து அரை மணி நேரம் செய்த ஹைபெக்கால் ஆயுள் கூடவில்லை. இரண்டு குழுவுக்கும் 41 மாதத்தை ஒட்டித்தான் வந்தது. இரண்டு மாதத்துக்குள் வந்த கடுமையான சிக்கல்கள் மட்டும் ஹைபெக் குழுவில் அதிகம். அப்பெண்டிக்ஸிலிருந்து வரும், வயிறு முழுக்கக் கூழ் நிரம்பும் வகைக்கு இந்த முறை நெடுநாளாக நடப்பில் இருக்கிறது. ஆக, ஹைபெக் நல்லதா கெட்டதா என்று ஒற்றை வரியில் கேட்டால் பதில் கிடையாது. எந்த உறுப்பில் தொடங்கிய நோய், எந்த மருந்து, யாருக்கு என்று மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அம்மாவுக்கு அவர் சொன்னது: "உள்ளே போய்ப் பார்ப்போம். எல்லாவற்றையும் எடுக்க முடிந்து, அதுவரைக்கும் பிரஷரும் சிறுநீரும் சரியாக இருந்தால் ஹைபெக் செய்கிறேன். இல்லையென்றால் செய்ய மாட்டேன். அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும்." செய்வதற்குச் சம்மதம் வாங்குவார்கள். செய்யாமல் விடுவதற்கும் சேர்த்துச் சம்மதத் தாளில் எழுதி வாங்கியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அறுவை மேசையில் நடந்ததும் அந்தச் செய்யாமல் விடுவதுதான். காலையில் உள்ளே போன அம்மாவை இருட்டிய பிறகுதான் ஐசியுவுக்குக் கொண்டுவந்தார்கள். நெஞ்செலும்புக்குக் கீழிருந்து அடிவயிறு வரை திறந்து, கர்ப்பப்பை, இரண்டு சினைப்பை, ஓமென்டம், இடுப்புக்குழியின் உள்ளுறை, அதோடு ஒட்டியிருந்த குடலின் ஒரு பகுதி, வலப்பக்க உதரவிதானத்தின் மேல் படர்ந்திருந்த உறை எல்லாவற்றையும் எடுத்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரிய எதுவும் மிச்சமில்லை. ஆனால் கடைசி மணி நேரங்களில் பிரஷரைத் தாங்க மருந்து ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது, சிறுநீர் குறைந்தது. ஹைபெக்கில் போடும் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. அதைக் காப்பாற்ற சோடியம் தயோசல்பேட் கொடுப்பார்கள்தான், ஆனாலும் ஏற்கெனவே தள்ளாடும் சிறுநீரகத்தில் அந்தச் சோதனை வேண்டாம் என்று மயக்க மருந்து நிபுணரும் அறுவை நிபுணரும் முடிவு செய்து வயிற்றை மூடிவிட்டார்கள்.

அறுவை நிபுணர் வெளியே வந்து முகமூடியைக் கழற்றி முதலில் சொன்ன வாக்கியம் அதுதான்: "கட்டி எல்லாம் எடுத்தாச்சு, ஹைபெக் பண்ணல." மெஷின் தயாராக நின்றிருந்தது. எங்கள் சம்மதமும் கையில் இருந்தது. செய்திருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அதைச் செய்யாமல் விட்டதற்காகவே இந்தப் பிரிவுக்கு என் முழு மதிப்பெண். அம்மாவின் சிறுநீரகம் தேறியது. அது தேறாமல் இருந்தால் அடுத்த மூன்று சுற்றுக் கீமோவே சிக்கலாகியிருக்கும்.

அறுவை நடந்த நேரம் முழுக்க ஒரு சிஸ்டர் அவ்வப்போது வெளியே வந்து, இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சின்ன விஷயம்தான். வெளியே உட்கார்ந்திருப்பவர்களைக் கேளுங்கள், அது எவ்வளவு பெரிது என்று தெரியும்.

ஐசியு பற்றி நல்லதும் கெட்டதும். இரண்டாம் நாள் ராத்திரி அம்மாவுக்குப் புத்தி தடுமாறியது. யாரோ அளவெடுக்க வந்து நிற்கிறார்கள் என்றார், டேப்பைக் கேட்டார், கையில் இருந்த டிரிப்ஸைப் பிடுங்கப் பார்த்தார். பயந்துவிட்டேன். பெரிய அறுவைக்குப் பிறகு வயதானவர்களுக்கு இது அடிக்கடி வருவது, பெரும்பாலும் சரியாகிவிடும் என்று முதியோர் மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் சமாளிக்க முடிந்தது. கையைக் கட்டவில்லை. என்னை உள்ளே வந்து பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். கண்ணாடியை மாட்டிவிட்டு, சுவர்க் கடிகாரம் தெரியும் பக்கமாகக் கட்டிலைத் திருப்பினார்கள்.

ஆனால் காது மெஷின்? அதை முந்தின ஷிப்டில் இருந்தவர் கழற்றி டிராயரில் வைத்துவிட்டுப் போயிருந்தார், அடுத்து வந்தவருக்கு அது இருப்பதே தெரியாது. அம்மாவுக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்காதவர் பொருத்தமில்லாமல் பதில் சொன்னதையும் குழப்பம் என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் தேடி எடுத்து மாட்டிவிட்ட பிறகு பாதிப் பேச்சு தெளிந்தது. அவ்வளவு நுணுக்கமாக முதுமையை அளந்த இடத்தில் இது நடந்திருக்கக் கூடாது. முதியோர் மருத்துவரின் தாளில் காது மெஷின் என்று எழுதியிருந்தது. அந்தத் தாள் ஐசியுவுக்கு வந்து சேரவில்லை.

வார்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதுகில் போட்ட எபிடியூரல் குழாயால் வலி அடங்கியிருந்ததால் மறுநாளே கட்டிலோரம் உட்கார வைத்தார்கள், அப்புறம் நடை. குடல் விழித்துக்கொள்ளத் தாமதமானது. அதுவரை நரம்பு வழியாகச் சத்து ஏற்றினார்கள். உதரவிதானத்தில் கைவைத்ததால் நுரையீரலைச் சுற்றிக் கொஞ்சம் நீர் சேர்ந்தது, ஊசி போட்டு எடுத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் எனாக்ஸாபரின் ஊசியை அறுவைக்குப் பின் மொத்தம் 28 நாள் வரை போட வேண்டும் என்று சொல்லி, வீட்டில் போட எனக்குக் கற்றுக் கொடுத்தார்கள். வயிற்றுக்குள் செய்யும் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு காலில் ரத்தக்கட்டி வரும் ஆபத்து வீட்டுக்குப் போன பிறகும் தொடரும் என்பதால் இந்த 28 நாள் கணக்கு. சில இடங்களில் டிஸ்சார்ஜோடு நிறுத்திவிடுகிறார்கள். கேட்டு வாங்குங்கள்.

இப்போது பெரிய குறை. குடலை இணைத்த இடம் ஆறுவதற்காக அம்மாவுக்குத் தற்காலிகமாக இலியோஸ்டமி வைத்திருந்தார்கள், அதாவது சிறுகுடலை வயிற்றின் மேல் திறந்து பை மாட்டுவது. அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தரும் சிஸ்டர் அந்த வாரம் லீவு. டிஸ்சார்ஜ் அன்று, பில் கட்டும் பரபரப்புக்கு நடுவில், வேறொரு சிஸ்டர் பையை ஒருமுறை மாற்றிக் காட்டினார். அவ்வளவுதான். பையில் எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

சிறுகுடலிலிருந்து வருவது தண்ணீராகத்தான் வரும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் உடம்பிலிருந்து நீரும் உப்பும் வேகமாகப் போய்விடும். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது, அதோடு பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் படுத்துவிடும். அதுதான் நடந்தது. வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே அம்மா சோர்ந்து போனார், எழுந்தால் தலை சுற்றியது, நாக்கு வறண்டது. அவசரத்துக்கு என்று கொடுத்த இரவு நம்பரை அழைத்தால் அடித்துக்கொண்டே இருந்தது, கடைசியில் பொது ரிசப்ஷனுக்குப் போனது. அவர்களுக்கு அம்மா யாரென்றே தெரியவில்லை. காலையில் ஓபிக்கு வாருங்கள் என்றார்கள். காத்திருக்காமல் தம்பி நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் ஏறியிருந்தது. டிரிப்ஸ் ஏற்றி, பிரஷர் மாத்திரையை நிறுத்தி, குடல் ஓட்டத்தைக் குறைக்கும் லோபெரமைட் கொடுத்த பிறகு தேறினார். அறுவையில் இவ்வளவு கவனமாகக் காப்பாற்றிய சிறுநீரகத்தை, ஓர் அளவுக் குவளையும் ஒரு தாளும் கொடுக்காததால் இழக்கப் பார்த்தோம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அங்கே போகிறவர்கள் டிஸ்சார்ஜ் தேதிக்கு முன்பே, பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தரும் ஸ்டோமா சிஸ்டரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். எவ்வளவு வந்தால் அழைக்க வேண்டும், என்ன குடிக்க வேண்டும், எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வெறும் தண்ணீர் மட்டும் நிறையக் குடித்தால் போக்கு இன்னும் கூடும், உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ்தான் வேண்டும் என்பதுகூட எங்களுக்கு அவசரப் பிரிவில்தான் தெரிந்தது.

கீமோ பிரிவுக்கு வருகிறேன். இங்கே திரும்பவும் நல்ல கைகள். கொடுத்தது கார்போபிளாட்டினும் பாக்ளிடாக்ஸலும். வயதானவர் என்பதால் ஒரு மருந்தாகக் குறைக்கலாமா என்று நாங்கள் கேட்டோம். வேண்டாம் என்றார் புற்றுநோய் மருத்துவர். 70 வயதைத் தாண்டிய, உடம்பு தளர்ந்த பெண்களுக்குக் கார்போபிளாட்டின் மட்டும் கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வை, அந்தக் குழுவின் ஆயுள் குறைந்ததால் பாதியிலேயே நிறுத்த வேண்டிவந்தது என்று விளக்கினார். குறைக்க வேண்டியது மருந்தின் எண்ணிக்கை இல்லை, கொடுக்கும் விதம் என்றார்.

அந்த விதத்தில்தான் ஊசி நூல் வந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பாக்ளிடாக்ஸல் விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் அவர் மேசை டிராயரிலிருந்து ஓர் ஊசியும் நூலும் எடுத்துக் கொடுப்பார். அம்மா கோத்துக் காட்ட வேண்டும். முதல் மூன்று சுற்றிலும் கோத்தார். அறுவைக்குப் பிந்தைய முதல் சுற்று முடிந்து போனபோது நூல் முனை ஊசிக் காதின் பக்கத்தில் நின்று நின்று வழுக்கியது. அம்மா ஒன்றும் சொல்லாமல் நூலை நாக்கில் நனைத்து மறுபடி முயன்றார், முடியவில்லை. டாக்டர் ஊசியை வாங்கி வைத்துவிட்டு, அன்றைக்கே வாராவாரம் சிறிய அளவில் இரண்டு மருந்தையும் கொடுக்கும் முறைக்கு மாற்றினார். அந்த வாராந்திர முறையில் நரம்பு பாதிப்பும் முடி கொட்டுவதும் குறைவு, நோயைக் கட்டுப்படுத்துவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று இத்தாலியில் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு 2014-இல் காட்டியிருக்கிறது. வாராவாரம் அலைய வேண்டும் என்பதுதான் கஷ்டம். அம்மா சந்தோஷமாக அலைந்தார்.

மருந்தகத்தில் இருந்த பெண்ணையும் சொல்ல வேண்டும். கார்போபிளாட்டின் அளவை எடையை மட்டும் வைத்துப் போடுவதில்லை, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை வைத்துக் கணக்கிடுவார்கள். தசை வற்றிய வயதானவர்களுக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் குறைவாகவே காட்டும், அதை அப்படியே நம்பினால் சிறுநீரகம் நன்றாக இருப்பதுபோல் தெரிந்து மருந்து கூடிவிடும். அம்மா அறுவைக்குப் பிறகு இளைத்திருந்ததைக் கவனித்து, கணக்கைத் திரும்பப் போட்டு டாக்டரிடம் கேட்டது அவர்தான். அளவு குறைந்தது. காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் நேரம் பார்க்காமல் வர வேண்டும் என்று எழுதிய அட்டையையும் அவரே கொடுத்தார்.

உண்மையை மறைக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். மூன்றாம் நிலையில் பெரும்பாலோருக்கு நோய் திரும்ப வரும், தங்கள் நோக்கம் நல்ல காலத்தை நீட்டுவது என்று அம்மாவிடமே, எங்கள் முன்னால் சொன்னார்கள். வலி நிவாரணக் குழு முதல் சுற்றிலிருந்தே வந்து பார்த்தது. கைவிட்ட பிறகு அனுப்பும் இடமாக அதை வைத்திருக்கவில்லை. எங்களோடு காத்திருந்த ஒரு பெரியவருக்கு, வயது அம்மாவைவிடக் குறைவுதான், அறுவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நாற்காலியிலிருந்து எழவே அவருக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. வயிற்று நீரை எடுத்து, மருந்து கொடுத்து, வீட்டில் இருக்க ஏற்பாடு செய்தார்கள். அவர் மகளுக்கு முதலில் கோபம். பிறகு அவரே என்னிடம், அப்பா நிம்மதியாக உட்கார்கிறார் என்றார்.

அவசரமாக முடிவு வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. பரிசோதனை, பயிற்சி, டாக்டர்கள் கூடிப் பேசும் கூட்டம் என்று தேதி தள்ளிக்கொண்டே போவதுபோல் இருக்கும். வீட்டில் ஒருவர் முழு நேரமாகக் கூட இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இந்த அளவு அறுவைக்கு எங்கேயும் போகாதீர்கள்.

அம்மாவின் கீமோ முடிந்துவிட்டது. சிஏ-125 இப்போது 35-க்குள். விரல்களில் கொஞ்சம் மரமரப்பு இருக்கிறது. பெரிய காது உள்ள ஊசியாக வாங்கிக் கொடுத்திருக்கிறோம், கோத்துவிடுகிறார். இலியோஸ்டமியை மூடும் அறுவைக்கு முன் மறுபடி முதியோர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரவு நம்பர் பற்றியும் டிஸ்சார்ஜ் பற்றியும் எழுத்தில் புகார் கொடுத்தேன், நர்சிங் கண்காணிப்பாளர் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார். இப்போது இலியோஸ்டமியோடு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அளவுக் குவளையும் எழுதும் தாளும் கொடுக்கிறார்கள். இரவு நம்பர் கீமோ வார்டுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. அதை நம்பாமல் ஒரு நாள் நடுராத்திரி அழைத்துப் பார்த்தேன். இரண்டாவது மணியில் எடுத்து, நோயாளியின் பெயரைக் கேட்டார்கள்.